கேப்டன் பெர்னாரின் கடைசி அத்தியாயம்

காகிதத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, பத்திரிகையிலிருந்து வந்து வாசலில் நின்ற அச்சுக்கோர்க்கும் இன்னாசிமுத்து அதை ரஷீதாவிடமே நீட்டினார்.

"இது ஹிந்தில்லா தங்கச்சி. எனக்கு வாசிக்க வராதே."

"எழுத்துதான் ஹிந்தி அண்ணாச்சி. பேச்செல்லாம் வாப்பா சொன்ன தமிழுதான்."

ஹிந்திப் பள்ளியில் படித்தவளுக்குத் தமிழ் எழுத வராது. வாப்பாவுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொண்டாள். தோல் பை தைத்துக்கொண்டே இருபது வருடம் பிரெஞ்சுக் கப்பல்காரன் பெர்னாரின் சாகசங்களை வாரப் பத்திரிகைக்கு எழுதியவர் அவள் வாப்பா கரீம் பாட்சா. தாராவியில் 'பிரெஞ்சுக்காரர்' என்றால் அவர்தான். பக்கத்து மாஹிம் கடற்கரையைத் தாண்டி அவர் கடல் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். போன மாதம் பக்கவாதத்தில் அவருக்குக் கையும் பார்வையும் போயின. பெர்னாரும் அன்றிலிருந்து நடுக்கடலில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். இன்று விடிந்ததும் மகளை உட்காரவைத்து முடிவைச் சொன்னார். சொல்லிவிட்டு உயிர் அடங்கி மௌத்தாகிவிட்டார்.

"ரெண்டு மணிக்குள்ள வரலன்னா மொதலாளியே முடிச்சிருவாரு. பெர்னாரைச் சாகடிக்கணும்னு நிக்காரு."

"வாப்பா சாகடிக்கல."

"அப்ப நீ வாசி, நான் எழுதிக்கிடுதேன். ஜல்தி."

வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். உள்ளே குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் உம்மா மதீனா பீவி திரையை விலக்கினாள்.

"மையத்து வூட்ல கதையா படிக்கே? முகத்தை மூடப் போறாவ. வந்து பாரு."

"வாறேன் உம்மா. இது அவுக பேச்சு. பாதியில விட முடியாது."

உம்மா மேல் அவளுக்குக் கோபம்கூட வந்தது. வேகமாக வாசித்தாள். அலை பெர்னாரைத் தூக்கி எறிந்தது. தெருவில் மையத்தைச் சுமந்துபோகும் சந்தூக்கு வந்து இறங்கியது. யாரோ கட்டிலை நகர்த்தினார்கள்.

"'பெர்னார் கரையில் கால் வைத்தான்.'"

"ம்."

"'கொஞ்சம் தண்ணி தா புள்ள.'"

வாசித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. காலையில் வாப்பா வாயிலிருந்து காதில் விழுந்ததையெல்லாம் தலை நிமிராமல் எழுதியிருக்கிறாள். இந்த வரி முடியட்டும் வாப்பா என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

இன்னாசிமுத்துவின் பேனா நின்றது. "கரையில யார்ட்ட கேக்கான்?"

ரஷீதா அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

"மவகிட்ட."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து அதையும் எழுதிக்கொண்டார்.

"ரஷீதா, மூடுதாவ" என்றாள் உம்மா.

உள்ளே ஓடினாள். கட்டில் கிடந்த இடத்தில், காலையில் வரியை முடித்துவிட்டு அவள் கொண்டுவந்து வைத்த தம்ளர் தண்ணீர் குறையாமல் அப்படியே இருந்தது.