நின்றுபோன குமிழ்

வேளாங்கண்ணி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கடியில் குனிந்து பாட்டிலைப் பார்த்தாள். ஒரு குமிழ் எழுந்து உடைந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. இது எவ்வளவோ தேவலை. வால்வு வைப்பதற்கு முன்னால் உலை கொதிப்பதுபோலக் கொதித்துக்கொண்டிருந்தது பாழாய்ப்போன பாட்டில்.

"கொறஞ்சிருக்காடி?" மேலே படுத்திருந்த புருஷன் சவுரியப்பன் கேட்டார்.

"கொறஞ்சிருக்குதுங்க. பேசாம படுங்க."

அவர் விலாவில் செருகிய குழாய் அந்தப் பாட்டில் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. பழைய டி.பி.யும் பீடியும் அரித்த நுரையீரலில் ஓட்டை விழுந்து, வாரக்கணக்காகியும் ஆறவில்லை. இழுக்கிற மூச்சில் பாதி கசிந்து இந்தத் தண்ணீர் வழியாகத்தான் போனது. ஆபரேஷன் தாங்காத உடம்பு. அதனால் பெங்களூரிலிருந்து வந்த டாக்டர், வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டு, ஓட்டைக்குப் போகிற மூச்சுக்கிளையில் குட்டி வால்வுகளைப் பொருத்தியிருந்தார்.

"காத்து உள்ள போவாது, வெளிய மட்டும் வரும். கசிவு நின்னா ஓட்டை தானா ஆறிடும்" என்று டாக்டர் சொன்னபோது சவுரியப்பன் மூச்சு வாங்கச் சிரித்தார்.

"எங்க டியூப் வால்வு காத்த உள்ள வுடும், வெளிய வுடாது. உங்களுது தலைகீழா இருக்குதுங்களே சார்."

டாக்டரும் சிரித்துவிட்டார். தொப்பூர் கணவாய்க்குக் கீழே பஞ்சர் கடை வைத்திருப்பவரிடம் வேறு என்ன பேச்சு வரும்?

அங்கே கடைக்குப் பின்னால்தான் வீடு. லாரி டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்குவார். குமிழ் வருகிற இடத்தில் தீக்குச்சியைக் குத்தி அடையாளம் வைப்பார். ஒட்டிவிட்டு மறுபடி அமுக்குவார். தண்ணீர் அசையாமல் கிடந்தால் வேலை முடிந்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் வேளாங்கண்ணி பார்த்தது இதைத்தான்.

"குழாய்க்குள்ள தண்ணி ஏறி எறங்குதுல்ல, அது மூச்சு. குமிழ் வந்தா கசிவு. குமிழ் நின்னா வூட்டுக்குப் போலாம்" என்று நர்ஸ் சொல்லித்தந்திருந்தாள். கடைசியில் சொன்னதுதான் இவள் காதில் தங்கியது.

காலையிலிருந்து அவருக்குக் காய்ச்சல். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், அவள் மகன் ஜோஸ்வினைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவன் முகமே சரியில்லை.

"வால்வு நல்லா புடிச்சிருக்குதாம்மா. இன்னொரு பக்கத்து நுரையீரல்லதான் சளி கட்டிக்கிச்சாம். பாக்கலாம்ங்கறாரு."

"வால்வு புடிச்சிருக்குதில்ல, அது போதும்" என்றாள் அவள்.

மத்தியானம் மகன் டீ வாங்கப் போனான். சவுரியப்பன் கண்ணயர்ந்திருந்தார். வேளாங்கண்ணி தரையில் உட்கார்ந்து, பாட்டிலைவிட்டுப் பார்வையை எடுக்காமல் இருந்தாள். ஒரு குமிழ் வந்தது. அதற்கப்புறம் வரவில்லை. எங்கே, தன் மூச்சுப் பட்டுக் கலைந்துவிடுமோ என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வரவேயில்லை. தண்ணீர், வேலை முடிந்த தொட்டிபோலக் கிடந்தது.

மாதாவே என்று கும்பிட்டுவிட்டு போனை எடுத்தாள்.

"ஜோஸ்வினு, நின்னுடுச்சுடா! ஒண்ணுகூட வரல. அப்பாவ வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்டா!"

பிறகுதான் எழுந்து, அவர் தோளைத் தொட்டாள். "ஏங்க, நின்னுடுச்சுங்க."

குழாய்க்குள் தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஜோஸ்வின் டீயோடு சிரித்துக்கொண்டே ஓடிவந்தான். நர்ஸ் திரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கல்லறையில் மண்ணள்ளிப் போடும்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. மனுசன் செத்ததுக்கா அப்படிச் சந்தோஷப்பட்டோம் என்பதே மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி ஆற்றிக்கொள்கிற விஷயமா அது?

வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பும் நேரத்தில் கடை முன்னால் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவருக்கு விவரம் தெரியாது. பந்தலைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"தெரியாம வந்துட்டனுங்க. ஸ்டெப்னியும் போயிருச்சு. பாலக்கோட்டுத் தக்காளி லோடு."

"இன்னிக்கிப் போயி கடையத் தெறக்கறதா?" என்று பந்தலில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"பாத்துக் குட்றா. தக்காளி அழுவிப்போவும்" என்றாள் வேளாங்கண்ணி மகனிடம்.

ஜோஸ்வின் டியூபைக் கழற்றிக் காற்றடித்துத் தொட்டியில் அமுக்கினான். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். டியூபை ஒருமுறை திருப்பியதும் குமிழ்கள் கிளம்பின. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, விடாமல். அவன் தீக்குச்சியை எடுத்தான்.

அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"குத்தாதடா."

"ஏம்மா?"

அவள் தொட்டியோரம் உட்கார்ந்தாள்.

"செத்த நேரம் வரட்டும்."

ஜோஸ்வின் டியூபை அமுக்கியபடியே நின்றான். தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.