பதினெட்டாம் எண்

வீட்டில் எனக்குப் பைலட் என்று பெயர். மொட்டை மாடித் தொட்டியைக் கழுவ ஏணியில் ஏறச் சொன்னால் மட்டும் பைலட்டுக்கு எங்கிருந்தோ அவசர வேலை வந்துவிடும். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். விமானப் படை அதிகாரி வேலைக்கு நான் விண்ணப்பம் நிரப்பியபோது, பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்ததும் அவள்தான்.

தேர்வு முகாமில் பெயர் கிடையாது. மார்பில் கட்டிய துணியில் எண்தான். நான் பதினேழு. பக்கத்துக் கட்டில்காரன் பதினெட்டு. வந்த அன்றே என் ஷூவின் லட்சணத்தைப் பார்த்துவிட்டுத் தன் பாலிஷ் டப்பாவை என் பக்கம் தள்ளினான். குழுவில் எட்டுப் பேர். விமானம் ஓட்டும் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம்.

மூன்றாம் நாள் தடை ஓட்டம். இரண்டு ஆள் உயரத்தில் ஒற்றைப் பலகை. பாதி தூரம் போனதும் கீழே பார்த்துத் தொலைத்தேன். அதற்குப் பிறகு கால் என் பேச்சைக் கேட்கவில்லை. எனக்கு முன்னால் கிளம்பி, பலகையைத் தாண்டிவிட்டிருந்த பதினெட்டு திரும்பி வந்தான்.

"கீழ பாக்காதடா. என் நம்பரைப் பாரு. அதை மட்டும் பாரு."

பின்பக்கமாகவே நடந்து என்னைக் கூட்டிப்போனான். அதிகாரிகள் அப்போது கயிறு ஏறும் தடைப் பக்கம் இருந்தார்கள்; இதைப் பார்க்கவில்லை. நான் எல்லாத் தடைகளையும் முடித்தேன். அவனுக்கு இரண்டு பாக்கி இருக்கும்போதே அவன் நேரம் முடிந்ததென்று விசில் அடித்துவிட்டார்கள்.

மதியம் ஒரு தாள் கொடுத்தார்கள். ஆபத்தில் உங்களோடு யார் இருக்க வேண்டாம், ஏன்? எனக்கு உண்மையான போட்டி அவன் ஒருவன்தான். எழுதினேன்: 'பதினெட்டு. பலகையைக் கடந்தபின் முன்னே போகாமல் திரும்பி வந்தார்.' 'வந்தார்' என்று மரியாதை வேறு. ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

நேர்காணலில் அதிகாரி அந்தத் தாளைப் பார்த்தபடி கேட்டார்.

"எதுக்குத் திரும்பினார்?"

"தெரியல சார்."

மறுநாள் வரிசையில் நிற்கவைத்து ஒரே ஓர் எண்ணை வாசித்தார்கள். பதினேழு. முதலில் ஓடி வந்து கட்டிக்கொண்டவன் அவன்தான்.

அறையில் பையைக் கட்டும்போது கேட்டான். "நான் எங்கடா கோட்டை விட்டேன்? உனக்கு ஏதாவது தோணுதா?"

பாதி உண்மையைச் சொன்னால் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தேன். "பலகையில திரும்பி வந்தியே... அதுவா இருக்கும்."

அவன் முகம் தெளிந்துவிட்டது.

"அதுதானா? அப்ப சரி. நீ தேறிட்டல்ல. வீணாப் போகலடா."

போன் அடித்தது. அக்கா.

"பைலட்டு! மேல ஏறுறதெல்லாம் இருந்துச்சாமே, எப்படிடா தாண்டின?"

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று எனக்குக் கையசைத்தான்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நானாத்தான் தாண்டினேன்க்கா."