எழுத்தால் போட்ட விலை

நாக்பூரிலிருந்து வந்த படத்தை சுகாசினி நாலு தரம் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் போனில் போட்ட கடைப் பக்கம்தான். அதே மாம்பழ நிறப் புடவை, அதே அரக்குக் கரை. ஆனால் எழுத்தெல்லாம் இந்தி. விலை இருந்த இடத்தில் 6,300.

அவள் தமிழில் போட்டிருந்தது அறுபத்து மூவாயிரம்.

அப்படிப் போடச் சொன்னவர் தறிக்காரர் வேலாயுதம். பத்திரத்திலும் ரசீதிலும் தொகையை எழுத்தால் எழுதிப் பழகியவர். எண்ணில் போட்டால் எவனாவது ஒரு சைபரைத் தட்டிவிடுவான், எழுத்தில் எவனும் கை வைக்க முடியாது என்பார். பத்தாவதோடு நின்றுவிட்டு, பக்கத்து முசரவாக்கத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போனில் புடவை விற்கும் வேலைக்கு வந்துபோகும் சுகாசினிக்கும் அது நியாயமாகவே பட்டது. வாங்குகிறவர்களின் போன் தானாகவே பக்கத்தை வேறு மொழிக்கு மாற்றிக் காட்டும், அதில் தொகையும் குலையும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

பக்கத்தைப் பார்த்த நாக்பூர் அம்மாள் ஒருத்தி மகள் கல்யாணப் புடவைக்கு ஆயிரம் ரூபாய் முன்பணம் அனுப்பி, மகள் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் முந்தானையில் நெய்யச் சொன்னாள். விலைதான் பக்கத்திலேயே இருக்கிறதே என்று யாரும் அதைப் பேசவில்லை. வேலாயுதமும் அவர் மனைவி தையல்நாயகியும் இருபத்து நாலு நாள் நெய்தார்கள். நேற்று தறியிலிருந்து அறுத்து எடுத்து, மீதி அறுபத்து இரண்டாயிரத்தைக் கேட்டதும் இந்தப் படம் வந்தது. ஏமாற்றுக்காரர்கள் என்று எல்லா இடத்திலும் எழுதப்போவதாகக் கீழே ஒரு வரி.

சுகாசினி மதியம்வரை சாப்பிடாமல் வழி தேடினாள். வழி இருந்தது. விலையை எண்ணில் போட்டு, இதை மட்டும் மொழி மாற்றாதே என்று பக்கத்துக்குள் ஒரு குறிப்பு கொடுத்தால் போதும். கொடுத்தாள். இந்திக்கும் தெலுங்குக்கும் மாற்றிப் பார்த்தாள். 63,000 அசையவில்லை. ஐந்து நிமிஷ வேலை. அதுதான் அவளை அழவைத்தது.

வேறு யாருக்காவது விற்கலாமா என்று மெல்லக் கேட்டாள்.

"ஊரான் ஊட்டுப் பொண்ணு பேரைக் கட்டிக்கினு எவ மணையில உக்காருவா?" என்றாள் தையல்நாயகி.

வேலாயுதம் படத்தை வாங்கிப் பார்த்தார். "இது நம்ம பக்கம்தானேம்மா?"

"ஆமாங்கய்யா. ஆனா நாம அப்டி எழுதல. போனு மாத்திடுச்சு."

"அவங்க படிச்சது இதானே. இதப் பாத்துதான் பொண்ணு பேரைக் குடுத்தாங்க. அனுப்பிடு."

சரிகைக்குக்கூடக் காணாது என்றாள் தையல்நாயகி. அவர் வெறும் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் மீதி ஐயாயிரத்து முந்நூறும், போனில் கைகூப்பும் பொம்மைப் படம் ஒன்றும் வந்தன. நாத்தனார் மகளுக்கும் அதே விலையில் ஒன்று வேண்டுமாம். சுகாசினி சரியான விலையை எழுதினாள். பதிலே இல்லை.

மறுநாள் வேலாயுதம் புடவைக் கடைக்காரர் ஒருவரிடம் போய்க் கூலிக்கு நெய்யப் பாவு நூல் வாங்கி வந்தார்.

"இனிமே விக்கறது கடைக்காரங்க பாடு. உனக்கு இங்க வேலை இல்லம்மா," என்றார்.

திட்டிச் சொல்லியிருந்தால் அவள் ஏதாவது பதில் பேசியிருப்பாள். அவர் சொன்னதோ தண்ணீர் கேட்கிற குரலில்.