திராட்சை உருண்டைக்குப் பாடிய பாட்டு

பானைக்குள் யாரோ பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. மண்டபத்துச் சமையலறையின் மறுமூலையிலிருந்து எல்ஸ்பெத் ஓடிவந்து மூடியைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காலையிலிருந்து அவள் பார்த்துப் பார்த்து ஆட்டு இரைப்பையில் அடைத்து, தைத்துக் கட்டிய ஹாகிஸ், பக்கவாட்டில் வாய் பிளந்து கிடந்தது. ஈரலும் நெஞ்சும் ஓட்ஸும் வெந்நீரோடு கலந்து பழுப்புக் கஞ்சியாகக் கொதித்துக்கொண்டிருந்தன. ஆட்டு இரைப்பையின் தோல் மட்டும் கிழிந்த கையுறையைப்போல மேலே மிதந்தது.

"செங்கா அக்கா, இங்க வாங்களேன்."

அடுப்பின் முன்னால் குனிந்து, விருந்துக்காகத் துணியில் கட்டி அவித்த தன் இனிப்புத் திராட்சை உருண்டையின் தோலை உலர்த்திக்கொண்டிருந்த செங்கா, இடுப்பைப் பிடித்தபடி எழுந்து வந்தாள். பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு அடைச்ச?"

"முழுசா."

"முழுசாவா! அடியே, ஓட்ஸு வேக வேக உப்பும்னு உனக்குத் தெரியாதா? உனா பாதிக்கு மேல ஒரு கைப்பிடிதான் வைப்பா. மிச்சம் அது மூச்சு விடறதுக்குன்னு சொல்லுவா."

எல்ஸ்பெத்துக்குத் தெரியும். மாமியார் உனா அவளிடமும் சொல்லியிருக்கிறாள். ஆனால் காலையில் பாதி நிறைந்த அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தபோது அது தொளதொளவென்று, பசித்த வயிறுபோலத் தொங்கியது. மாமியார் போன பிறகு மருமகள் கை சுருங்கிவிட்டது என்று யாராவது நினைத்துவிட்டால்? இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று அடைத்துவிட்டாள்.

போர்ட்லாரிக்கில், ஹாகிஸைப் புகழ்ந்து பாட்டெழுதிய கவிஞரின் பிறந்தநாள் விருந்துக்கு ஒவ்வொரு ஜனவரியும் ஊரே கூடும். பந்திக்குப் போடும் சின்ன ஹாகிஸ்கள் டவுனிலிருந்து பெட்டியில் வந்துவிடும். ஆனால் தட்டில் வைத்து, பேக்பைப் என்னும் பைக்குழல் முழங்க ஊர்வலமாகக் கொண்டுவரும் அந்தப் பெரிய ஒன்று மட்டும் எப்போதும் உனாவின் கைப்பட்டதுதான். அதன்முன் நின்று கவிஞரின் பாட்டைச் சொல்லி, அதற்குரிய அடியில் கத்தியை இறக்குபவர் உனாவின் கணவர் டார்குவில். தம்பதியாக அவர்கள் சேர்ந்து செய்த ஒரே மேடை வேலை அது.

உனா அக்டோபரில் இறந்துபோனாள். அதிலிருந்து டார்குவில் வீட்டு முன்ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை. புத்தாண்டன்று சாப்பாட்டு மேஜையில், "இந்த வருஷம் வேற யாரையாவது பாடச் சொல்லுங்க" என்றார். மகன் யூவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்ஸ்பெத்துக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "அத்தை செய்யற மாதிரியே நான் செய்யறேன் மாமா. நீங்க வந்து பாடினா போதும்" என்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, "சரிம்மா" என்றார். அந்த ஒரு சொல்லைத்தான் அவள் இத்தனை நாளும் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். இன்று பாடாமல் போய்விட்டால் அவர் இனி எந்த வருஷமும் இந்த மண்டபத்துக்குள் வரமாட்டார் என்பது அவளுக்கு நிச்சயம்.

மண்டபத்துக்குப் பரிமாறும் ஜன்னலின் கதவைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள். நீண்ட மேஜைகளில் மெழுகுவத்திகள் ஏற்றியாகிவிட்டது. கூட்டம் விஸ்கியும் சிரிப்புமாக இருந்தது. டார்குவில் வாசல் ஓரத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மேல்கோட்டைக் கழற்றவில்லை. கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். மற்ற வருஷங்களில் வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் நுழைந்து பானை மூடியைத் தூக்கி, உனாவின் கரண்டியால் ஒரு அடி வாங்கிக்கொண்டுதான் போவார். இன்று இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. 'என் மேல கோபமோ?' என்று அவளுக்குத் தோன்றியது.

பின்கதவு திறந்தது. தோளில் பனி, அக்குளில் பேக்பைப், கட்டம்போட்ட கில்ட் பாவாடைக்குக் கீழே சிவந்த முழங்கால்களுமாக யூவன் வந்தான். "ரெடியா? வெளியில நின்னா விரல் விறைக்குது. இதுக்கு மேல போனா ஊதறது பூனை கத்தற மாதிரிதான் இருக்கும்."

செங்கா பானையைக் காட்டினாள். அவன் பார்த்தான். மனைவியைப் பார்த்தான்.

"அப்பாகிட்ட சொல்லிடலாம் எல்சி."

"சொன்னா என்ன பண்ணுவார்? கோட்டுகூடக் கழட்டல. 'பரவால்லம்மா'ன்னு சொல்லிட்டு அப்படியே கதவத் திறந்து போயிடுவார்."

"டவுன் ஹாகிஸ்ல ஒண்ண எடுத்து வை."

"அது என் கைமுட்டி அளவு இருக்கு யூவன். தட்டுல வச்சா பட்டாணி மாதிரி உருளும்."

எல்ஸ்பெத்தின் கண் மெல்ல அடுப்புப் பக்கம் போனது. அங்கே, துணியில் கட்டி அவித்து அவிழ்த்த திராட்சை உருண்டை, பழுப்புத் தோல் பளபளக்க, கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. அதே அளவு. ஏறக்குறைய அதே நிறம்.

செங்கா அவள் பார்வையைப் பிடித்துவிட்டாள். "கூடாது. நெனச்சே பாக்காத."

"அக்கா..."

"நாலு மணி நேரம் அவிச்சிருக்கேன். கடைசியில எல்லாரும் கஸ்டர்ட் ஊத்திச் சாப்பிட. கத்தியால குத்த இல்ல!"

"எப்படியும் வெட்டத்தானே போறீங்க?"

"வெட்டறது வேற, குத்தறது வேற. உள்ள அதிர்ஷ்டக் காசு வேற போட்டிருக்கேன்."

"மெழுகுவத்தி வெளிச்சம்தான். திராட்சை தெரியாத பக்கத்த முன்னால வச்சிடறேன். அக்கா, இன்னைக்கு அவர் பாடணும்."

செங்கா உருண்டையைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக, டார்குவில் இன்னும் கழற்றாத அந்த மேல்கோட்டைப் பார்த்தாள். "உனாவுக்காகத்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே, ஒரு குழந்தையைத் தூக்கிக் கொடுப்பதுபோல அதைத் தட்டில் வைத்தாள்.

கதவுகள் திறந்தன. பேக்பைப் ஒரு முறை இருமிவிட்டு முழங்கத் தொடங்கியது. எல்லோரும் எழுந்து தாளத்துக்குக் கைதட்டினார்கள். யூவன் கன்னம் உப்ப முன்னே நடக்க, எல்ஸ்பெத் தட்டை ஏந்திப் பின்னால் போனாள். இலவங்கப்பட்டை மணம் ஒரு வால்போலத் தன் பின்னாலேயே வருவதாக அவளுக்குத் தோன்றியது. யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. ஒரு மேஜையில் ஒரு பெண் மட்டும் புருவத்தை உயர்த்திப் பக்கத்தில் இருந்தவளின் விலாவில் இடித்தாள்.

தலைமேஜையில் தட்டை வைத்தாள். டார்குவில் எழுந்து வந்து நின்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கோட்டுக்கு உள்ளே கையை விட்டுக் கத்தியை எடுத்தார். தட்டைப் பார்க்காமல் அதற்கு மேலே எங்கோ பார்த்தபடி பாட்டைத் தொடங்கினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. முதல் பத்தி முடிந்தது. இரண்டாவதில் ஒரு இடத்தில் நின்றார். மீண்டும் தொடர்ந்தார். கத்தி இறங்க வேண்டிய அடி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கையை ஓங்கி, குத்தினார்.

'டிங்' என்றது.

மண்டபம் முழுக்கக் கேட்டது. உருண்டை இரண்டாகப் பிளந்து, ஆவியோடு இலவங்கப்பட்டையும் சர்க்கரையும் மணக்க, கறுப்புத் திராட்சைகள் எல்லோரையும் விழித்துப் பார்த்தன. கத்தி நுனியில் மெழுகுத்தாள் சுற்றிய ஒரு வெள்ளிக்காசு ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்ஸ்பெத்துக்குத் தரை பிளந்து தன்னையும் அந்தப் பானையையும் விழுங்கிவிடாதா என்றிருந்தது.

டார்குவில் கண்ணைத் திறந்தார். குனிந்து பார்த்தார். மூக்கை ஒரு முறை உறிஞ்சினார். இன்னொரு முறையும்.

"டார்குவில்!" முன்வரிசையிலிருந்து ஒரு படகுக்காரர் கத்தினார். "ஹாகிஸ்ல திராட்சை போடற வழக்கம் எப்ப வந்துச்சு?"

"என் மருமக செஞ்சது" என்றார் டார்குவில். "வாய மூடிட்டு நில்லு. பாட்டு இன்னும் முடியல."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவர் மீசையிலும் தொற்றிக்கொண்டது. முதலில் உதடு துடித்தது, பிறகு தோள் குலுங்கியது. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்தவர், கண்ணைத் துடைத்தார், கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து அதை நாற்காலிமேல் வீசினார். மீதிப் பாட்டை, பழைய டார்குவிலாக, கூரை அதிரச் சொன்னார். காசு குத்திய கத்தியைக் கடைசி வரியில் வாளைப்போல உயர்த்தியபோது எல்லோரும் விஸ்கிக் கிண்ணத்தைத் தூக்கினார்கள்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது அவர் சமையலறைக்குள் வந்தார்.

"அது எங்க?"

"எது மாமா?"

"நிஜமானது."

அவள் மூடியைத் திறந்து காட்டினாள். "அதிகமா அடைச்சுட்டேன் மாமா. வெடிச்சிருச்சு. உங்ககிட்ட சொன்னா போயிடுவீங்கன்னு பயந்து..."

"நானும் பயந்துட்டுதான் இருந்தேன்." அவர் பானைக்குள்ளிருந்து எழுந்த ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிளகு தூக்கலாக, ஜாதிபத்திரி கலந்து, உனாவின் மணம். "வாசப்படிகிட்டயே உக்காந்திருந்தேனே, எதுக்குன்னு நெனச்ச? குத்தினதும் இந்த வாசனை மூஞ்சில அடிக்குமே, அத்தோட என் குரல் போயிடுமேன்னுதான். அத்தனை பேர் முன்னாடி அழுதுடுவேன்னு பயம். நேத்து ராத்திரியே உன்கிட்ட முடியாதுன்னு சொல்லிடலாம்னு வந்தேன். நீ வெங்காயம் நறுக்கிட்டு இருந்த. பாத்துட்டுத் திரும்பிட்டேன்."

"கோபம்னு நெனச்சேன்."

"போடி பைத்தியம். கண்ண மூடிக் குத்தறேன், இலவங்கப்பட்டை! செத்தவனுக்கு உயிர் வந்த மாதிரி இருந்துச்சு."

அவர் ஒரு கரண்டியை எடுத்தார். கஞ்சியாகிப் போன ஹாகிஸை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, நின்றபடியே ஊதி ஊதிக் குடித்தார். முதல் வாயில் நிறுத்தினார். கண்ணீர் தன் பாட்டுக்கு வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. இங்கே யாரும் கைதட்டவோ காத்திருக்கவோ இல்லை. எல்ஸ்பெத் அவர் பக்கத்தில் வந்து நின்றாள், அவ்வளவுதான்.

"மிளகு சரியா இருக்கு" என்றார் கடைசியில். "அவ வச்ச மாதிரியே. தண்ணிதான் ஜாஸ்தி."

"ஆமா மாமா."

"அடுத்த வருஷம் பாதிதான் அடைக்கணும்."

அவள் தலையாட்டினாள். அடுத்த வருஷம் என்று அவர் சொன்னதை யூவனிடம் போய்ச் சொல்ல அவளுக்குக் கால் பரபரத்தது. ஆனால் கதவில் செங்கா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"டார்குவில், அந்தக் காசு என் உருண்டைக்குள்ள இருந்தது. அதிர்ஷ்டம் யாருக்கு வரணும்னு தட்டுல பரிமாறினப்புறம்தான் தெரியணும். கத்தியில குத்தி எடுக்கறது எந்த ஊரு நியாயம்?"

டார்குவில் காசு கிடந்த சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். "குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை மறுபடியும் பானைப் பக்கம் நீட்டினார்.