ஹாஜியாரின் ஆமீன்

கல்முனைப் பக்கம் தெருவுக்குத் தெரு பள்ளிவாசல் உண்டு. ஆனால் தங்கள் பள்ளியைப் போல இமாமைத் தாங்குகிற பள்ளி வேறில்லை என்பது தலைவர் முகைதீன்பாவா ஹாஜியாரின் முடிந்த முடிவு. வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சாப்பாடு அனுப்புகிறார்கள். கண்ட இடத்தில் ஸலாம் சொல்கிறார்கள். இதற்கு மேல் ஒரு மனிசனுக்கு என்ன வேண்டும்?

இமாம் மிஹ்லார் மௌலவிக்கு வேண்டியிருந்தது. பொத்துவிலில் அவருடைய மனைவி நோன்புக்கு முந்தின மாதம் மௌத்தாகிவிட்டார். உம்மாவை இழந்த ஏழு வயது மகள் சிபானா மாமி வீட்டில் நிற்கிறாள். போன் எடுத்தால் ஒரே கேள்விதான்: "வாப்பா, எப்ப என்னக் கூட்டிட்டுப் போவீங்க?" மௌலவியின் அறையில் பாயை விரித்தால் கதவு திறக்காது. பள்ளிக்குப் பின்னால் இமாமுக்கென்றே கட்டிய வீடு ஒன்று இருக்கத்தான் செய்தது. அதில் கந்தூரிச் சோறு ஆக்குகிற பெரிய கிடாரங்கள் குடியிருந்தன. சாவி ஹாஜியாரின் இடுப்பு வாரில் இருந்தது.

"ஹாஜியார், அதுல ஒரு அறைய ஒதுக்கித் தந்தா புள்ளயக் கூட்டி வந்திருவன்."

"கிடாரத்த எங்க கொண்டு வைக்கிற மௌலவி? அது பள்ளிர அமானிதம், நம்மள நம்பி ஒப்படைச்ச சாமான். உங்களுக்கு நாங்க துஆ செய்யிறம்."

கேட்ட தடவையெல்லாம் துஆ கிடைத்தது.

இதற்கிடையில் பின்னால் நின்று தொழும் ஜமாஅத்தில் முறைப்பாடு கிளம்பியது. மௌலவி சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்தால் எழும்புகிறாரில்லை, முதுகு நோகிறது என்றார்கள். தொழுகை முடிந்து திரும்பும்போது அவர் கண் சிவந்திருப்பதையும் சிலர் கண்டார்கள். அதற்கு மேல் ஹாஜியாருக்கு மனம் பொறுக்கவில்லை. மார்க்கப் பணியாளர்களின் தனிமையும் துயரமும் கஷ்டமும் நீங்க, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் விசேட துஆ என்று அறிவித்தார். வாசலில் பெனர் ஏறியது. நிர்வாகத்தார் எல்லாருடைய படமும் இருந்தது. மௌலவியின் படத்துக்கு மட்டும் இடம் காணாமல் போய்விட்டது.

யார் துஆ ஓதுவது என்ற கேள்வி கூட்டத்தில் வந்தது.

"வேற ஆளக் கூப்பிட்டா நம்மட மௌலவிர மனம் நோகும்," என்றார் ஹாஜியார். "அவரே ஓதட்டும்."

ஆக, தன் துயரம் நீங்கத் தானே துஆ ஓதுவதற்கு மௌலவி ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் முதல் வரிசையில் ஹாஜியார், கண்ணை மூடி, கை இரண்டையும் ஏந்தி. அவருடைய ஆமீன் வழக்கமாகவே மற்றவர்களுடையதை முந்திக்கொண்டு போகும்.

"யா அல்லாஹ், எங்கள் பாவங்களை மன்னிப்பாயாக."

"ஆமீன்."

"இந்தப் பள்ளிக்காக உழைக்கிற தலைவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுப்பாயாக."

"ஆமீன்." இது இன்னும் பலமாக.

மௌலவியின் குரல் அந்த இடத்தில் உடைந்தது. பிறகு வந்ததைத் தந்திரம் என்று சொல்பவர்கள் அந்தக் குரலைக் கேட்டிருக்க வேண்டும்.

"அவர் கையாலேயே அந்த வீட்டைத் திறக்க வைத்து, கிடாரங்களுக்கு அவருடைய நெல் ஸ்டோரில் இடம் கொடுத்து, தாயில்லாத ஒரு பிள்ளையை வாப்பாவிடம் சேர்ப்பாயாக."

"ஆமீன்."

பின்னால் இருந்தவர்கள் திகைத்து வாயை மூடிக்கொண்டதால், ஹாஜியாரின் ஆமீன் தன்னந்தனியாக ஒலிபெருக்கியில் ஏறி ஊரெல்லாம் போனது. அவர் கண்ணைத் திறந்தபோது காரியம் கைமீறியிருந்தது.

வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன் உட்கார்ந்தார். மனைவி றாஹிலா கறியை வைக்கவில்லை, கையை நீட்டினார்.

"சாவியத் தாங்க."

"என்ன சாவி?"

"நீங்க ஆமீன் சொன்ன வீட்டுச் சாவி. குசினிக்குள்ள இரிந்து நானும் சொன்னன்."

"அது சும்மா வாய்ப்பழக்கத்துல வந்த."

றாஹிலா நீட்டிய கையை மடக்கவில்லை.

"அப்ப இவ்வளவு காலமும் சொன்னதெல்லாம்?"

ஹாஜியார் சோற்றைத் தள்ளிவைத்தார். வாரை அவிழ்த்துச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

அன்றைக்கே அஸர் தொழுகைக்கு முன்னமே கிடாரங்கள் நெல் ஸ்டோருக்குக் குடிபெயர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை சிபானா புத்தகப் பையோடு பஸ்ஸால் இறங்கி, வாப்பாவின் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் போனாள். அடுத்த ஜும்ஆவில் ஹாஜியார் ஒலிவாங்கியைப் பிடித்து, நிர்வாகம் ஏற்பாடு செய்த துஆ உடனேயே கபூலாகி, கேட்டது கிடைத்துவிட்டதென்று அறிவித்தார். பெனரும் இறங்கவில்லை.

ஒரேயொரு மாற்றந்தான். இப்போது மௌலவி துஆ ஓதினால், ஹாஜியார் ஒவ்வொரு வரியையும் முழுதாகக் கேட்ட பிறகே ஆமீன் சொல்கிறார்.