ஓச்சாவை யார் எடுப்பது

நன்றி நாள் விருந்தில் வெண்டல் தன் அக்கா புருஷன் டேலின் தட்டில் மறுபடியும் வான்கோழிக் கறியை வைத்தான்.

கணினியில் நடக்கும் கற்பனை பேஸ்பால் லீக் ஒன்றில் இருவருக்கும் ஆளுக்கோர் அணி. அதன் இளம் ஆட்டக்காரர்களில் முதலிடம் ஓச்சாவுக்கு. அந்தக் கணினி ஆட்டக்காரனை ஆடவிட்டு ஆடவிட்டு வளர்த்தவன் வெண்டல். போன வருஷம் வெண்டலின் அப்பா இறந்த வாரம், ஆறுதல் சொல்ல வந்த டேல், முழங்கை போன பந்துவீச்சாளனைத் தலையில் கட்டிவிட்டு ஓச்சாவை வாங்கிக்கொண்டு போனான். வெண்டலின் அணி கடைசி இடத்துக்கு விழுந்தது.

இன்று ஐந்து மணிக்குள் அணிக்காரர்கள் தங்கள் இளம் ஆட்டக்காரர்களைத் தக்கவைப்பதாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாமல் விட்டுப்போனவர்களைக் கடைசி இடத்து அணி முதலில் எடுக்கலாம். டேல் எதையும் கடைசி நிமிஷத்தில்தான் செய்வான்.

"மச்சான், ஓச்சாவை எப்படித் தட்டிக்கிட்டுப் போனீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"நீ அழுதுக்கிட்டிருந்தே மாப்ள. எதைக் கேட்டாலும் சரின்னே," என்று தொடங்கிய டேல் கதையை இழுத்துக்கொண்டே போனான்.

அக்கா பூசணிப் பலகாரத்தை வெட்டும்போது மணி ஐந்தேகால். வெண்டல் போனில் ஓச்சாவை எடுத்தான். டேலின் போன் அதிர்ந்தது. பார்த்தவன் முகம் வெளுத்தது.

"மாப்ள, திருப்பிக் குடு. பதிலுக்கு யாரை வேணும்னாலும் கேளு."

"யாரும் வேணாம். வருஷம் முழுக்க பெஞ்சுல உக்கார வைக்கப்போறேன். நீங்க தினமும் பாக்கணும்."

"ஆடலன்னா வீணாப் போயிடுவான்டா. நீ வளர்த்த பையன்."

"ஆமா," என்ற வெண்டல் பூசணிப் பலகாரத்தைச் சாப்பிட ஆரம்பித்தான்.