டேங்க் மூடியும் தெப்பத்து விளக்கும்

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். ஆரணியில் பம்புசெட் ரிப்பேர் பார்க்கிற தணிகாசலம் என்றால், "அந்தச் சிடுமூஞ்சியா?" என்றுதான் கேட்பார்கள். கேட்கட்டும். எண்பத்தொன்றாம் வருஷத்துத் தெப்பத்தன்று எனக்கு வந்த கோபத்தை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

அதுவரை அம்மன் தெப்பத்தைக் கரையிலிருந்து கயிறு கட்டித்தான் இழுப்போம். அந்த வருஷம் விழாக் கமிட்டிக்கு மோட்டார் ஆசை வந்துவிட்டது. ஒரு சின்னப் படகில் பெட்ரோல் இன்ஜினைப் பொருத்தி, தெப்பத்தை அதன் பின்னால் கட்டச் சொன்னார்கள். வெள்ளோட்டம் விட்டபோது படகு ஆடிய ஆட்டத்தில், டேங்க் மூடியிலிருந்த காற்றுத் துளை வழியாகப் பெட்ரோல் தளும்பிக் குளத்தில் சிந்தியது. துளையை அடைக்கவும் முடியாது. டேங்க் மூச்சு விட வேண்டுமே. அதனால் துளையின் மேல் ஒரு செம்புக் குழாயைப் பற்றவைத்து, உயரமாக ஏற்றி, வாயைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டேன். காற்று போய் வரும். பெட்ரோல் தளும்பினாலும் திரும்ப உள்ளேயே இறங்கிவிடும். மறுநாள் ஓட்டிப் பார்த்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை.

திருவிழா அன்று தெப்பத்தில் அம்மனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் தங்கை அபிதகுசாம்பாள். அம்மன் உடுத்தியிருந்த பட்டு அவள் புருஷன் மாணிக்கவேல் நெய்தது. பட்டு நெய்த வீட்டுப் பெண் கூடவே உட்கார்ந்து, முந்தானை காற்றில் பறந்து விளக்கில் படாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மாணிக்கவேல் என்னோடு படகில் இருந்தார்.

நடுக்குளத்துக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. இன்ஜின் இருமியது. குப்பென்று நாற்றம். குனிந்து பார்த்தால், கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்து குளத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது! டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்குகிற டேப்பை மூடினேன். இன்ஜின் நின்றது. ஆனால் கொட்டியது கொட்டியதுதான். அது தண்ணீர் மேல் பளபளவென்று பரவி, காற்றோடு தெப்பத்தை நோக்கிப் போனது. தெப்பத்தின் விளிம்பில் இரண்டு பெரிய விளக்குகள் படபடவென்று பொறி தெறித்து எரிந்துகொண்டிருந்தன. ஒரே ஒரு பொறி தண்ணீரில் விழுந்தால் போதும், என் தங்கை கண்ணெதிரே எரிந்துபோவாள்.

மூடியைப் பார்த்தேன். அடப்பாவி! குழாயின் வாயில் கழிவுப் பட்டு நூலைத் திணித்து, மேலே நூல் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. பகல் முழுக்க வெயிலில் காய்ந்த டேங்க். உள்ளே ஏறின அழுத்தம் போக வழியில்லாமல் பெட்ரோலைக் கீழே தள்ளியிருக்கிறது.

"எவன் பண்ண வேலை இது?"

"நான்தான் மச்சான்." மாணிக்கவேலின் முகம் செத்திருந்தது. "பொடவைய இந்தப் படகுலதானே எடுத்துகினு போனோம்? கொழாயிலேந்து நாத்தம் வந்துகினே இருந்துச்சு. பட்டுல நாத்தம் ஏறிச்சின்னா போவாது. அத எப்படி அம்மனுக்கு சாத்தறது?"

"உங்க மூக்க இப்படி அடைச்சா சும்மா இருப்பீங்களா மாப்ள?" என்று கத்திவிட்டுத் தெப்பத்தின் பக்கம் திரும்பினேன். "அபிதா! வெளக்க அணை! ஜல்தி!"

தெப்பத்திலிருந்த பூசாரி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். "ஐயையோ! நடுத்தண்ணியில அம்மன் வெளக்க அணைக்கறதா? ஊருக்கே ஆவாது!"

அவள் அவரைத் தள்ளிவிட்டுக் குளத்துத் தண்ணீரை அள்ளக் குனிந்தாள்.

"அத தொடாத! தண்ணி மேல பெட்ரோல் கீது!"

ஊதிப் பார்த்தாள். விரல் தடிமன் திரி, பொறிதான் பறந்தது.

மாணிக்கவேல் எழுந்து நின்றார். "அம்மன் முந்தானைய இழுத்து மேல போட்டு அமுக்குடி! பட்டு கருகுமே தவிர பத்திகினு எரியாது!"

அசல் பட்டா என்று பார்க்கத் தினமும் நூலைக் கொளுத்திப் பார்க்கிற மனுஷர் அவர். அவள் யோசிக்கவில்லை. இழுத்தாள். கொசுவம் குலைந்து பாதிப் புடவை அவள் கையோடு வந்தது. நாலாக மடித்து விளக்கின் மேல் போட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தினாள். ஒன்று அணைந்தது. ஓடிப்போய் அடுத்ததையும் அழுத்தினாள். பட்டு கருகி, முடி கருகின மாதிரி நாற்றம் படகு வரை அடித்தது. பெட்ரோல் பளபளப்பு தெப்பத்துக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

கயிறு வீசி எங்களைக் கரைக்கு இழுத்தார்கள். கரையில் ஒரே கூச்சல். "அம்மன் துணிய உருவிட்டாளே! வெளக்க அணைச்சிட்டாளே!"

மாணிக்கவேல் அவளுக்கு முன்னால் போய் நின்றார். "அவள ஒண்ணும் சொல்லாதீங்க. கொழாய அடைச்சவன் நான். முந்தானைய இழுக்கச் சொன்னவனும் நான்."

"இனிமே அம்மன் பட்டு உங்க வூட்டுலேந்து வராது," என்றார் கமிட்டித் தலைவர் ஜெகநாதன்.

"சரிங்க."

அந்தப் பட்டுதான் அவருக்கு உயிர். வருஷம் பூரா அதைப் பற்றியேதான் பேசுவார். அதைக்கூட ஒரே வார்த்தையில் விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். உள்ளங்கைகள் இரண்டும் கொப்புளித்துக் கிடந்தன. தெருவில் பெண்டாட்டியைப் பத்தடி பின்னால் விட்டு நடக்கிற ஆள், ஊர் முழுக்கப் பார்க்க, அந்தக் கைகளைத் தூக்கிப் பிடித்து ஊதினார்.

"எரியுதாடி?"

"இல்லீங்க," என்றாள். கண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் ஊதிக்கொண்டே இருந்தார். திட்டுவதற்கு என்னென்னவோ வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுப் படகுக்குப் போய், குழாய் வாயிலிருந்த முடிச்சை அவிழ்த்தேன்.